சுடுமண்ணின் வயது: வில்லியனூர்க் கைவினையும் தொல்பொருள் சேகரிப்பின் அளவுகோலும்

நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேகரிப்போர் மரம், உலோகம், தோல், துணி, காகிதக்கூழ், மண் ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுகின்றனர். அவ்வளவுகோல் பொருளின் வயது. செப்புத் திருமேனிக்கும் தஞ்சாவூர் ஓவியத்திற்கும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் தேக்குத் தூணுக்கும் அது ஒருவாறு பொருந்தும். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் சிற்பங்களிடம் வரும்போது அவ்வளவுகோல் தடுமாறுகிறது.

மண் விரைவில் அழிவது, ஆதலால் அதைக் காப்பாற்றிச் சேகரிக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர் தரப்பில் வழக்கமாகக் கூறப்படும் நியாயம். இதனை மறுக்கும் சான்று வில்லியனூருக்கு அண்மையிலேயே உள்ளது. 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அவ்விடத்தின் காலத்தை வரையறுக்கப் பெரிதும் துணைகொண்டவை இத்தாலிய அரெட்டைன் மட்கல ஓடுகளே. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் இரும்புக்கால மண்ணிலிருந்து அப்படியே வெளிவந்தன. சுட்ட மண் உடையும், மக்குவதில்லை. பொருளின் இயல்பை நோக்க, அது மரத்தினும் துணியினும் நெடுங்காலம் நிற்பது.

அவ்வாறாயின் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் குதிரை ஏன் நிலைப்பதில்லை? அதனைச் செய்வித்தோர் அது நிலைக்க வேண்டுமென எண்ணவில்லை என்பதே விடை. தென்மாவட்டங்களில் வழங்கும் புரவியெடுப்பில் கோயில் நிலத்துப் பிடிமண்ணை வேளாரிடம் கொடுத்துப் பணியைத் தொடங்குவர். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, உள்ளே குடைவாக உருவங்களை வனைந்து, வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சுடுவர். கண் திறந்த பின்னரே குதிரை தெய்வத்தின் ஊர்தியாகிறது. அடுத்த எடுப்பில் புதிய குதிரை வந்ததும் பழையது அதன் அருகிலேயே வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகிறது. நிலையாமை இங்கே மண்ணின் குணமன்று, சடங்கின் முடிவு. சேகரிப்பாளர் காக்க முனைவது பொருளை. சமூகம் காத்து வருவது மீண்டும் மீண்டும் செய்யும் செயலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

சட்டமும் இக்குழப்பத்திற்கு உட்பட்டதே. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் பொதுவாக 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. திறந்தவெளியில் நிற்கும் எல்லைக் குதிரை அவ்வயதை எட்டுவது அரிது. ஆகவே அதனை எடுத்துச் செல்பவர் தொல்பொருள் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் எதையும் எடுத்துச் செல்லாதவராகிறார். விற்பனையிலோ அதே பொருளுக்குப் ‘பழமை’ என்னும் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

செப்புத் திருமேனியின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவுறும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது, 2014-இல் திருப்பியளித்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள் அத்திருமேனியை அடையாளங்காண உதவின. ஊர் எல்லைக் குதிரைகளுக்கு அத்தகைய பதிவு ஒழுங்காக உண்டாக்கப்படவில்லை. அதன் விலை குறைவு என்பது காரணமாகலாம். ஆனால் விலை குறைந்த பொருளுக்கே பதிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஏனெனில் அது காணாமற்போனால் தேடுவார் இல்லை.

இழப்புகளுள் முதன்மையானது செய்தவரின் பெயர். ‘தமிழ்நாடு, சுடுமண், 20-ஆம் நூற்றாண்டு’ என்பது போன்ற காட்சிக்குறிப்பு பொருளையும் காலத்தையும் சொல்லி ஆளை விழுங்கிவிடுகிறது. நாட்டுப்புறக் கலைஞர் பெயரற்றவர் என்பது மரபின் பண்பெனச் சில ஆய்வுகள் எழுதுகின்றன, அது ஏற்கத்தக்கதன்று. எந்த வேளார் எந்த எடுப்புக்குக் குதிரை செய்தார் என்பது ஊராருக்குத் தெரியும். கேட்டு எழுதாதவர் வாங்கியவரே. வில்லியனூர்ச் சுடுமண் பணியும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் பெற்றுள்ள புவிசார் குறியீடு ஊரின் பெயரை மீட்டது. தனியொருவரின் பெயரை மீட்பது அதன் நோக்கமன்று. வில்லியனூர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவ்விடைவெளி ஒருவரளவில் நிரம்பியது.

சேகரிப்பே கூடாதென்பது இதன் முடிவாகாது. தமிழ் இல்லங்களின் கொலுவும் ஒரு சேகரிப்புத்தான். பாட்டியிடமிருந்து வந்த மரப்பாச்சிக்கு அருகில் அவ்வாண்டு வாங்கிய மண்பொம்மை அமர்கிறது. ஆண்டுதோறும் ஒரு புதுப்பொம்மையேனும் சேர்க்கும் வழக்கம் குயவருக்கு அடுத்த ஆண்டின் வேலையையும் உறுதிசெய்கிறது. பழையதை மட்டும் நாடும் சந்தை இதற்கு நேர்மாறானது. அதில் உயிரோடிருக்கும் கலைஞர் தம் முன்னோருக்குப் போட்டியாளராகிறார். புதிய உருவை மண்ணில் புதைத்துப் பழமை ஏற்றும் தந்திரத்திற்கும் அச்சந்தையே இடந்தருகிறது.

எனவே சுடுமண் சேகரிப்பின் பதிவேட்டில் வயதுக்கு முன்னர் வேறு செய்திகள் இடம்பெற வேண்டும்: வனைந்தவர் யார், செய்வித்தவர் யார், எத்தெய்வத்திற்கு உரியது, வழிபாட்டிலிருந்து நீங்கியதா, நீங்காமலே பெயர்க்கப்பட்டதா, ஊரார் இசைந்தனரா. கடைசி இரு வினாக்களுக்கு விடையில்லாத உருவை வாங்குவதினும், அதே குடும்பத்தாரிடம் புதிதாக ஒன்று செய்யச்சொல்லி, அவர் பெயரை அடியில் பொறிக்கச் செய்து வாங்குவது அருங்காட்சியகத்திற்கும் தனியாருக்கும் ஒருங்கே இயலக்கூடியது, செலவும் மிகாது.