சத்தியமா தெரியாது சார்!

1994-ல் மண்டேலா ஜனாதிபதியான பிறகு தென்னாப்பிரிக்காவில் ஒரு கிண்டல் பிரபலம். 'ஊரெல்லாம் தேடியாச்சு, நிறவெறி ஆட்சியை ஆதரிச்ச வெள்ளைக்காரன் ஒருத்தனைக்கூடக் காணோம்!' 1948-லிருந்து வரிசையாக அத்தனை தேர்தலிலும் நேஷனல் பார்ட்டியை ஜெயிக்க வைத்தது யாரப்பா என்று கேட்டால், ஆகாயத்தைப் பார்ப்பார்கள். போலீஸ் இவ்வளவு அக்கிரமம் செய்ததா? எங்களுக்குத் தெரியாதே!

பச்சைப் பொய் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'க்ரை ஃப்ரீடம்' (1987) படத்தைப் பார்த்தவர்களால் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நமக்கு 'காந்தி'யைக் கொடுத்த அதே அட்டன்பரோ. 'தெரியாது' என்கிற சமாசாரத்தை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று இவ்வளவு விவரமாகக் காட்டிய படங்கள் குறைவு. அதே படம் பாதி வழியில் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதை நிஜக் கதை. டொனால்ட் வுட்ஸ், ஈஸ்ட் லண்டன் என்ற ஊரில் 'டெய்லி டிஸ்பாட்ச்' பத்திரிகையின் ஆசிரியர். (லண்டன் என்றதும் இங்கிலாந்துக்குப் போய்விடாதீர்கள். இது தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊர்.) வெள்ளைக்காரர், நல்ல மனுஷர், அரசாங்கத்தைக் கிழிகிழி என்று கிழிப்பவர். அதே பேனாவால் ஸ்டீவ் பிகோ என்ற கறுப்பு இளைஞரையும் கிழித்தார். கறுப்பர்கள் தங்களுக்குள் தனியாகத் திரள வேண்டும் என்கிறாரே, இதுவும் இனவெறிதானே என்பது வுட்ஸின் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். பிகோவை அவர் பார்த்ததே இல்லை. 1973-லேயே பிகோ மீது அரசாங்கம் தடை ஆணை போட்டுவிட்டது. கிங் வில்லியம்ஸ் டவுனைத் தாண்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும்தான் பேசலாம். அவர் சொன்னது எதையும் யாரும் அச்சிடக் கூடாது. அதாவது, பிகோவைத் திட்டி எத்தனை தலையங்கம் வேண்டுமானாலும் எழுதலாம். பிகோவின் பதிலைப் போட்டால் ஜெயில். ஒருத்தர் வாயில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நடத்துகிற பட்டிமன்றம்!

மாம்பேலா ராம்பேலே என்ற இளம் பெண் டாக்டர் நேராக வுட்ஸின் ஆபீசுக்கே போய்ச் சண்டை பிடித்தார். எழுதுவதற்கு முன்னால் ஆளைப் போய்ப் பாருங்கள் என்றார். போனார். கார் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அந்த ஒரு மணி நேரம் அவருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

படத்தின் சிறந்த பகுதி இதுதான். பிகோவாக டென்சல் வாஷிங்டன், வுட்ஸாக கெவின் க்ளைன். வுட்ஸை பிகோ ராத்திரியில் கறுப்பர் குடியிருப்புக்குக் கூட்டிப்போகிறார். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெள்ளையர் அங்கே நுழைவதே சட்டப்படி குற்றம். யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரம்மாவுக்கு அந்த வீட்டின் அலமாரி தெரியும், புருஷன் பெண்டாட்டி சண்டை தெரியும். அவர் சாயங்காலம் எங்கே திரும்பிப் போகிறார், அங்கே குழாயில் தண்ணீர் வருமா, வீட்டு எஜமானிக்குத் தெரியாது. தகவல் ஒரே பக்கமாக ஓடும்படி ஊரையே கட்டியிருந்தார்கள்.

ஊரைக் கட்டினால் போதுமா? வெளியிலிருந்து வரும் செய்தியையும் அணை கட்டித் தடுத்தார்கள். உலகத்தின் முதல் இதயமாற்று ஆபரேஷனை 1967-ல் செய்து காட்டிய நாட்டுக்கு டிவி முறைப்படி வந்தது 1976 ஜனவரியில்தான். நம் மெட்ராஸுக்கே 1975 ஆகஸ்ட்டில் தூர்தர்ஷன் வந்தாகிவிட்டது. அங்கே காசு இல்லாமலா? வந்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று மந்திரிகள் விடவில்லை. மண்டேலாவின் படத்தை அச்சிடவும் தடை. 1990-ல் அவர் சிறையிலிருந்து நடந்து வந்தபோது, இருபத்தேழு வருஷமாக யாரைப் பார்த்து நடுங்கினார்களோ அவருடைய இப்போதைய முகமே பலருக்குத் தெரியவில்லை.

காமர்ஸ் படித்தவனுக்குக் கண் எப்போதும் கணக்கில்தான் போகும். அறியாமையை வளர்ப்பதற்கும் பட்ஜெட் இருந்தது. செய்தித் துறையே ரகசிய அரசுப் பணத்தில் 'தி சிட்டிசன்' என்று ஒரு தினசரியை 1976-ல் ஆரம்பித்து, தனியார் பத்திரிகை போல நடத்தியது. 1978-ல் குட்டு உடைந்து நாறியது. வெள்ளை வாக்காளர் தன் வரிப்பணத்திலேயே தான் ஏமாற்றப்படுவதற்குச் சந்தா கட்டியிருக்கிறார். அதனால் 'தெரியாது' என்றவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் சவுகரியமும் இருந்தது, அவ்வளவுதான்.

1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் பிகோ செத்துப்போனார். வயது 30. மண்டையில் அடிபட்டவரை நிர்வாணமாக லேண்ட்ரோவரில் போட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியா வரை ஓட்டிப்போயிருக்கிறார்கள். போலீஸ் மந்திரி ஜிம்மி க்ரூகர் தந்த விளக்கம், கைதி உண்ணாவிரதம் இருந்தார் என்பது.

படம் சறுக்குவது இங்கேதான். பிகோ சாகும்போது படம் பாதியைத்தான் தாண்டியிருக்கிறது. மீதி முழுக்க வுட்ஸ் பாதிரியார் வேஷம் போட்டு லெசோத்தோவுக்குத் தப்பிப்பதும், குடும்பம் பின்னால் போவதும். விறுவிறுப்பாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வுட்ஸின் பிள்ளைகளைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு பிகோவின் மனைவி என்சிகியைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மேல்நாட்டு ரசிகன் உள்ளே வர ஒரு வெள்ளைக்கார வாசல் வேண்டும் என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தில்தான் எனக்குச் சண்டை. ஒரு வெள்ளை ஆசிரியர் தெரிந்துகொண்ட பிறகுதான் அது 'தகவல்' ஆகிறதா?

ஏனென்றால் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 16, சொவெட்டோவில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிற போட்டோ உலகத்தையே உலுக்கியதே, அதை எடுத்தவர் சாம் என்சிமா. வேலை பார்த்தது 'தி வேர்ல்ட்' என்ற கறுப்பர் பத்திரிகையில். வுட்ஸ் மீது தடை ஆணை விழுந்த அதே 1977 அக்டோபர் 19 அன்று 'தி வேர்ல்ட்' இழுத்து மூடப்பட்டது. ஆசிரியர் பெர்சி குவோபோசா சிறைக்குப் போனார். ஹாலிவுட்டுக்கு வந்தது வுட்ஸின் கதை.

இன்னொரு பத்திரிகையாளர் கதையும் உண்டு. உண்ணாவிரதம் என்ற பொய்யை டாக்டர்களைத் துருவித் துருவி விசாரித்து 'ராண்ட் டெய்லி மெயில்' பத்திரிகையில் உடைத்தவர் ஹெலன் ஸில் என்ற இளம் வெள்ளை நிருபர். அபார வேலை. பின்னாளில் அவரே ஒரு மாகாணத்தின் முதல்வரானார். 2017-ல், காலனி ஆட்சியின் விளைவுகள் எல்லாமே கெட்டது இல்லை என்று ட்விட்டரில் எழுதி, ஊரே கொந்தளித்து, மன்னிப்புக் கேட்டார். தகவல் கையில் இருந்தால் பார்வை தானாகத் திருந்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த அம்மாள் ஒரு தலைவலி.

1988 ஜூலையில் 'க்ரை ஃப்ரீடம்' தென்னாப்பிரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. சென்சார் ஓகே சொல்லியிருந்தது. ரிலீஸான அன்றே போலீஸ் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிகோ யார் என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஜனங்களைத் தவிர உலகமே படத்தைப் பார்த்தது.

அட்டன்பரோவை நான் மன்னிப்பது படத்தின் கடைசி நிமிஷங்களுக்காக. வசனம் இல்லை, நடிகர் இல்லை. காவலில் செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. பக்கத்தில் அரசாங்கம் சொன்ன காரணம். தூக்குப் போட்டுக்கொண்டார். குளியலறையில் வழுக்கி விழுந்தார். மாடியிலிருந்து விழுந்தார். விளக்கம் இல்லை.

இப்படித்தான் 1971-ல் அகமது டிமோல் என்ற இந்திய வம்சாவளி ஆசிரியர் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து 'குதித்தார்'. தற்கொலை என்று 1972-ல் கோர்ட்டும் எழுதிக்கொண்டது. அது கொலை என்று இன்னொரு நீதிபதி சொன்னது 2017-ல். பிகோ விஷயத்தில் யார்மீதும் தப்பில்லை என்று 1977 டிசம்பரில் மூடிய ஃபைலை 2025 செப்டம்பரில்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள்.