பெர்லின் புல்வெளியில் சயாமிய உல்லாசம்

செய்யும் காரியம் எதுவாயினும் அதில் சிறிது விளையாட்டும் சிரிப்பும் கலந்திராவிடில் ரசமில்லை என்று கருதுவது தாய்லாந்து மக்களின் சுபாவம். 'சனுக்' என்று அவர்கள் சொல்லும் அந்த மனோபாவம், உழைப்புக்கு ஆறு நாளும் ஓய்வுக்கு ஒரு நாளும் வகுத்துக் கொடுத்த ஜெர்மானிய ஒழுங்கோடு உரசிப் பார்த்த இடம், பெர்லினின் வில்மர்ஸ்டார்ப் பகுதியில் ஃபேர்பெல்லினர் சதுக்கத்தை அடுத்துள்ள பிராய்சன் பூங்கா.

அந்த ஒழுங்கு வெறும் பழக்கமன்று. ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வை வைமர் அரசியலமைப்பிலிருந்து எடுத்து, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் தன்னுள் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாமென்று பெர்லின் மாநிலம் விதி செய்தபோது, திருச்சபைகள் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மறுத்தது. ஆகவே, 1907இல் திறக்கப்பட்டு, ஆறாம் மாடியில் உலகத்துத் தீனிகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் காடேவே பேரங்காடியும் பெரும்பாலான ஞாயிறுகளில் கதவடைத்தே கிடக்கும்.

அத்தகைய ஞாயிறுகளில்தான், 1990களில், ஜெர்மானியரை மணந்து அந்நகரில் குடியேறிய தாய்லாந்துப் பெண்கள் பலர், பிள்ளைகுட்டிகளோடு இப்பூங்காவில் பாய் விரித்து, தமக்குள் சமைத்துப் பகிர்ந்து உண்ணத் தொடங்கினர். பப்பாளிக்காயை உரலிலிட்டு மிளகாயோடு இடிக்கும் ஓசையும், கரியில் வாட்டும் இறைச்சியின் மணமும் வழிப்போக்கரை இழுக்க, கேட்டவர்க்கு விற்பது வழக்கமாகி, வழக்கம் சந்தையாயிற்று. விற்பவளே தோழியரோடு அரட்டையடித்துக்கொண்டு, பேரம் நடுவே சிரித்துக்கொண்டு, தானும் ஒரு கவளம் உண்டுகொண்டிருந்தாள் என்பதே இதன் விசேஷம். பேரங்காடியில் உல்லாசம் வாங்குகிறவனுக்கு மட்டுமே உரியது. கல்லாவில் நிற்பவளுக்கு அது சம்பளத்துக்குரிய நேரம். புல்வெளியிலோ இருவருக்கும் ஒரே பொழுது.

இதன் குறைகளை மறைப்பது ரசிகத்தனமாகுமே தவிர, விமரிசனமாகாது. குழாய்நீரும் கழிப்பிடமும் போதாத வெளியில் சமைத்த உணவின் சுத்தத்துக்கு யார் பொறுப்பு? வாடகையும் வரியும் செலுத்தி அடுத்த தெருவில் உணவகம் நடத்துபவனுக்கு இது நியாயமா? புல் தேய்ந்தது; அயலார் முறையிட்டனர்; அதிகாரிகள் சில காலம் விரட்டியும் சில காலம் கண்டும் காணாமலும் இருந்தனர். 'ஏழைப் பெண்களின் இன்பச் சந்தை' என்று சுற்றுலாப் பயணிகள் சிலாகிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை: கற்ற தொழிலுக்கு மதிப்பில்லாத அந்நிய தேசத்தில், சமையல் ஒன்றே முதலாக அமைந்தவளின் தேவையை அவ்வார்த்தைகள் அழகாக மூடிவிடுகின்றன.

அண்மை ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் இதை அனுமதி பெற்ற கடைகளின் சந்தையாக முறைப்படுத்தியிருக்கிறது. அது வேண்டியதே என்பது என் அபிப்பிராயம். ஆயினும் கடை என்று வந்தபின் வரிசையும் விலைப்பலகையும் வருகின்றன; விற்பவள் நிற்கிறாள், வாங்குகிறவன் உட்காருகிறான். இதில் ஜெர்மனியை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 2017இல் பாங்காக் மாநகராட்சியே நடைபாதைக் கடைகளை அகற்ற முற்பட்டது. 2005இல் திறந்த சயாம் பாராகன் போன்ற பேரங்காடிகளின் குளிரூட்டிய உணவுத்தளங்களில் நண்பர் குழாம் பல தட்டுகளைப் பகிர்ந்துண்டு மகிழ்கிறது. பரிமாறுபவளோ சீருடையில் நிற்கிறாள்.

நம்மவர் இதைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவிலும் பக்தியும் வியாபாரமும் பலகாரமும் ஊர்க்கதையும் கலந்தே நடக்கின்றன. அதற்கு ஆலயம் என்றொரு காவல் இருக்கிறது. புல்வெளிப் பெண்களுக்கு அத்தகையதொன்று இருக்கவில்லை. கடைகளுக்கு இடம் அளந்து கொடுத்த நிர்வாகம், விற்பவர்கள் முறைவைத்து அமர்ந்துண்ணப் பாய் விரிக்கும் இடத்தையும் அதே வரைபடத்தில் குறித்திருந்தால், வரியும் வந்திருக்கும், அந்தப் பொழுதும் அவர்களிடமே இருந்திருக்கும்.