குடியிருத்தற்கன்றிக் கட்டும் வீடு: மைன்கிராப்டின் பழைய வடிவம் பற்றிய ஒரு மதிப்பீடு

விளையாட்டு என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும் என்பது பொதுவழக்கு. வென்றவர் இவர், தோற்றவர் இவர் என வரையறுத்தற்கு விதியும், விதியைக் காத்தற்கு நடுவரும், ஆட்டம் முடிந்ததென அறிவித்தற்கு ஓர் எல்லையும் வேண்டும். கிட்டிப்புள்ளும் கிரிக்கெட்டும் சதுரங்கமும் ஏதேனும் ஒருவகையில் இவ்விலக்கணத்துள் அடங்குவன. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஆட்டம் ஆட்டமாகுமா? ஆகுமாயின், அதனை எவ்வளவைகொண்டு மதிப்பிடுவது? இவ்வினாக்களை எழுப்புதற்கு மைன்கிராப்ட் என்னும் கணினி ஆட்டத்தின் பழைய வடிவம் மிகவும் தகுதியானது.

சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பேர்சன் என்பார் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனை முதன்முதல் வெளியிட்டார். குகை ஆட்டம் எனப் பொருள்படும் பெயரே தொடக்கத்தில் இதற்கு இடப்பட்டிருந்தது. அமெரிக்கரான சக்காரி பார்த் அதே ஆண்டில் ஆக்கிய இன்பினிமைனர் என்னும் ஆட்டம் பேர்சனுக்குத் தூண்டுகோலாயிற்று. 2011 நவம்பரில் முழுவடிவம் வெளிவந்தது. 2014 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், இதனை வெளியிட்ட மோஜாங் நிறுவனத்தை 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க உடன்பட்டது. 2023 அளவில் விற்பனையான பிரதிகள் 30 கோடியைக் கடந்தன. இத்துணைப் பெருஞ்செல்வத்தின் நடுவே, பத்தாண்டு நிறைவை முன்னிட்டு 2019 மே மாதத்தில், அந்நிறுவனம் 2009 ஆம் ஆண்டுக்குரிய வடிவமொன்றை எவரும் இணைய உலாவியிலே இலவசமாக ஆடுமாறு திறந்துவிட்டது. பழைய பிழைகளும் அவ்வண்ணமே விடப்பட்டன. விலைகொடுப்போர்க்கு மாளிகையும் வழிப்போக்கர்க்குத் திண்ணையும் அளிக்கும் வணிக உத்தி இதுவென்று சிலர் எள்ளுதல் கூடும். எள்ளல் பொருத்தமற்றதன்று. ஆயினும், கலைநோக்கிற் பார்க்குமிடத்து அத்திண்ணையே மாளிகையினும் சிறந்தது என்பது எமது துணிபு.

உலாவியைத் திறந்தவுடன் நம்முன் ஒரு நிலம் தோன்றுகின்றது. புல்வெளி, சில மரங்கள், மணற்கரை, அப்பால் நீர். யாவும் ஒரு மீற்றர் பக்கமுடைய சதுரமுகிகளால் ஆனவை. சுட்டியை அழுத்தினால் முன்னுள்ள கட்டை மறையும். அல்லது நாம் தெரிந்தெடுத்த கட்டை அவ்விடத்திலே தோன்றும். செய்யக்கூடியது இவ்வளவே. ஆட்டத்தின் பெயரிலே சுரங்கமும் கைவினையும் உள. இவ்வடிவத்திலோ இரண்டும் இல. அகழ்ந்தெடுத்த கல் கையிற் சேர்வதில்லை. மரத்தைப் பலகையாக்கவும் பலகையைக் கருவியாக்கவும் வழியில்லை. அவையெல்லாம் பின்வந்த வடிவங்களிற் சேர்ந்தவை. பகைவர் இல்லை, பசி இல்லை, ஈட்டுதற்குப் புள்ளியுமில்லை.

இவ்வறுமையைக் குறையென்று கொள்வோர் பலர். பின்னைய வடிவத்திலே பல நூறு வகைக் கட்டைகளும் விலங்குகளும் பாதாள உலகங்களும் இருக்க, முப்பத்திரண்டே முப்பத்திரண்டு கட்டைகளை வைத்துக்கொண்டு ஒருவர் என்செய்வார் என்பது அவர் வினா. யாப்பறிந்தோர் இவ்வாறு வினவார். வெண்பாவின் ஈற்றடி முச்சீரான் முடிதல் வேண்டும், பிறதளை விரவலாகாது என்னும் கட்டுப்பாடு புலவனை முடமாக்கவில்லை. சொல்லை எடைபோட்டெடுக்கும் ஆற்றலை அவனுக்கு அளித்தது. இங்கும் அத்தகைய நிலையே. வளைவு என ஒன்று இவ்வுலகத்திலே கிடையாது. ஒரு குவிமாடம் அமைக்க விரும்புபவர் படிபடியாகக் கட்டைகளை உள்ளொடுக்கி அடுக்குதல் வேண்டும். அருகிருந்து காண்பார்க்கு அது கரடுமுரடான படிக்கட்டு. அகன்று நின்று காண்பார்க்கு உருண்ட மாடம். எவ்வரிசையில் எத்தனை கட்டை குறைப்பது என்று கணித்தவர்க்கே அம்மயக்கம் கைகூடும். கேத்திரகணிதத்திலே வட்டத்தைக் கவராயங்கொண்டு ஒரு சுழற்றிலே வரைந்த மாணவன், வட்டம் என்றால் யாது என்பதை இங்கே நேர்கோடுகளைக்கொண்டு மறுமுறை ஆராய வேண்டியவனாகின்றான். ஓடு என்று தனியே ஒரு கட்டை இல்லாமையாற் கூரைக்குச் செங்கல்லோ நிறத்துணியோ பயன்படும். பொருளின் பெயரை மறந்து அதன் நிறத்தை மாத்திரம் நோக்கும் பயிற்சி அது, ஓவியர்க்குரியது.

இவ்வுலகத்தின் இயற்கைவிதிகள் விந்தையானவை. மரத்தின் அடியை வெட்டினாலும் மேலுள்ள இலைக்கொத்து அந்தரத்திலே நிற்கும். கல்லும் அவ்வாறே, கீழுள்ள தாங்கலை நீக்கியபின்னும் மேன்மாடம் சரியாது. மணலும் பரலுமோ தாங்கலின்றேல் விழுந்துவிடும். கல்லுக்கு ஒரு நீதியும் மணலுக்கு ஒரு நீதியும் வைத்த இவ்வுலகத்தின் படைப்போனைப் பூதநூலார் மன்னிக்கமாட்டார். ஞாயிறு அசைவதில்லை, எந்நாளும் ஒரே பகல். கூரையிட்டு வெளிச்சத்தை மறைத்தால் அதன்கீழ்ப் புல் மங்கி வெறுமண்ணாகும்; கூரையை அகற்றினால் அயலிலுள்ள புல் மெல்லமெல்லப் பரந்து வரும். இச்சிறு விதி ஒன்றே நிழலுக்கு ஒரு விளைவை அளித்து, கட்டுபவனைச் சிந்திக்கச் செய்கின்றது.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது நீர். கடலோரத்தில் ஒரு குழியை அகழ்ந்து, குழிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒற்றைக் கட்டையை நீக்கினால், நீர் உள்ளே புகுந்து தன் மட்டத்திற்கும் அதன்கீழும் உள்ள வெற்றிடம் யாவற்றையும் நிரப்பும். மேலேறமாட்டாது, ஆயினும் வற்றுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒரு பெருங் குகைக் கோயிலைப் பொறுமையோடு குடைந்தவர், ஒரு கட்டையைத் தவறி நீக்கினாராயின், அவர்தம் உழைப்பு முழுதும் நீரின்கீழ் அமிழும். நீரை அகற்றுதற்குக் கடற்பஞ்சு என்னும் கட்டை உண்டு. அதனை இட்ட இடத்தைச் சூழ்ந்து சிறிதளவு நீர் விலகும். பஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டு இடம்மீட்டல் எளிதன்று. பகைவரே இல்லாத இவ்வுலகத்திலே எதிர்நிற்பது இந்நீர் ஒன்றே. எதிர்ப்பு இருக்குமிடத்தே கவனமும் பிறக்கின்றது. கடலை ஒட்டிக் கட்டியவற்றிலே திட்டம் தெளிவாகப் புலப்படுதற்கு ஏது இதுவே.

இனி, ஒரு வினா. மழையில்லை, வெயிலின் கொடுமையில்லை, இரவில்லை, கள்வரில்லை, விலங்கில்லை. இத்தகைய உலகத்திலே வீடு எதற்கு? ஆயினும் இங்கு வருவோர் பலர் முதலிற் கட்ட முனைவது ஒரு வீட்டையே. நாற்புறமும் சுவர் எழுப்புவர். சாளரத்துக்குக் கண்ணாடி பதிப்பர். வாயிலின் இருமருங்கும் பூச்செடி நடுவர். அவ்வீட்டில் எவரும் உறங்கார், எவரும் உண்ணார். பின்னைய வடிவத்திலே வீடு தேவைப்பொருள். இருள் சூழ்ந்தவுடன் பிணவுருக்கள் வரும். ஆதலாற் சுவர் வேண்டும், கதவு வேண்டும், விளக்கு வேண்டும். தேவை வந்தவிடத்து ஆட்டம் சுவைபெற்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், அங்கே எழும் வீட்டைத் தேவை கட்டுகின்றது. இங்கே எழும் வீட்டை விருப்பம் கட்டுகின்றது. கூரை எதனையும் காக்காதபோதும் ஒருவர் கூரையிடுகின்றாரென்றால், வீடு என்னும் வடிவத்தின்மேற் கொண்ட காதலன்றி வேறு காரணம் காட்டல் அரிது. உவகைக்கு நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியர் விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பயன் கருதாத செயலிற் பிறக்கும் மகிழ்ச்சியை அவர் ஒரு மெய்ப்பாட்டின் களனாகவே கொண்டார்.

இப்பகுதியிலேதான் ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு ஒரு கவலை எழுகின்றது. நம் மாணவர்முன் இவ்வாட்டத்தைத் திறந்துவைத்தால், அவர்களுட் பலர், அதிலும் பரீட்சைகளிற் சிறந்த பெறுபேறு பெறுவோர், முதலிற் கேட்பது 'இதில் என்ன செய்யவேண்டும்?' என்பதே. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம்வரை, வினா பிறர் தருவது, விடை தாம் எழுதுவது என்னும் ஒழுங்கிலே வளர்ந்தவர்கள் அவர்கள். வினாவே இல்லாத தாளை அவர்கள் முன்பு கண்டதில்லை. புள்ளி உண்டா என்று வினவி, இல்லையென அறிந்தபின் உலாவியை மூடிவிடுவோரும் உளர். வகுப்பிற் பின்வாங்கிலிருக்கும் சிறுவனோ ஒன்றும் வினவாது மண்ணைத் தோண்டத் தொடங்கிவிடுவான். இவ்வாட்டம் மாணவர் காலத்தை வீணாக்குகின்றது என்பாரும், இதனாற் கணிதம் வளரும், குழுவுணர்வு வளரும் எனப் பட்டியலிட்டுப் பாடசாலைக்குள் இதனைக் கொண்டுவர விரும்புவாரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவரும் பயன் என்னும் முழக்கோலையே கையில் வைத்திருக்கின்றனர். பாடவேளைக்குள் இதனை அடக்கி, இத்தனை கட்டையில் இத்தகைய பாலம் கட்டுக, பத்துப் புள்ளி என்று விதித்த அக்கணத்திலேயே, இதில் அரியதாக இருந்தது அகன்றுவிடும்.

இவ்வளவும் கூறியபின் குறையையும் கூறுதல் முறை. ஜெர்மனியிற் பாலர் கல்விக்கு வித்திட்ட பிறோபல் 1837 முதல் ஆக்கிய கட்டைத்தொகுதிகளுள் ஒன்று, ஒரு சதுரமுகியை எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பகுத்தது. எட்டே கட்டைகள், கட்டும் உருவத்தில் எட்டும் இடம்பெறுதல் வேண்டும். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958 இல் உரிமைப்பதிவு செய்த பூட்டுக்கல்லும் பெட்டியிலுள்ள அளவுக்கே உதவும். கையிலுள்ளது தீரும் என்னும் அச்சம் அவ்விரண்டிலும் உண்டு. மைன்கிராப்டின் இவ்வடிவத்திலோ கட்டையின் வகைக்கு வரம்புண்டு, தொகைக்கு வரம்பில்லை. ஆகவே, ஆடுவோர் பலர் பருமையைப் பெருமையென மயங்குகின்றனர். நிலத்தின் ஓரத்திலிருந்து மறுவோரம்வரை சுவர், வானளாவிய கோபுரம், அகலம் மிக்க மேடை எனச் செய்தவற்றையே திரும்பச்செய்து நாளைப் போக்குகின்றனர். கல்லும் கண்ணாடியும் ஒரே விரைவில் எழுந்து ஒரே விரைவில் மறைதலால், பொருள்களின் எடையும் அருமையும் உணரப்படுவதில்லை. பொன் கலந்த கல்லும் புழுதியும் இங்கு ஒருவிலை. யாப்பின் கட்டுப்பாட்டை வியந்த நாம், அடிவரையறையின்றி ஓடும் நீண்ட பாட்டின் தளர்ச்சியையும் இங்கே காணவேண்டியுள்ளது.

ஓர் உலகத்தைத் திறந்தவர் அதன் இணைப்பை நண்பர்க்கு அனுப்பித் தம்முடன் ஒன்பதுபேர்வரை சேர்த்துக்கொள்ளலாம். பதின்மர் ஒருங்கு கட்டும்போது காணிப் பிரச்சினை தோன்றுகின்றது, நமக்குப் புதியதன்று. இங்கு உறுதியுமில்லை, வேலியுமில்லை. ஒருவர் இட்ட கட்டையை மற்றொருவர் கேளாமலே அகற்றலாம். 2014 இல் டென்மார்க்கின் அரச நிலவளவைத் திணைக்களத்தினர் தம் நாடு முழுவதையும், ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவிலே, மைன்கிராப்டின் முழுவடிவத்திற் படைத்து யாவர்க்கும் திறந்துவைத்தனர். வெடிமருந்துக் கட்டையைத் தடைசெய்திருந்தனர். அதனை ஏற்றிய வண்டியைத் தடைசெய்ய மறந்தனர். சிலர் அவ்வழியாற் சில பகுதிகளைத் தகர்த்து, ஆங்கே அமெரிக்கக் கொடியையும் நாட்டினர். நாடெங்கணும் இது நகைப்புக்குரிய செய்தியாயிற்று. அதே கருவியை ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டம் 2012 முதல் வேறுவகையிற் பயன்படுத்தியது: நைரோபியின் கிபேரா சேரி போன்ற இடங்களிலே பொதுவெளி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அங்கு வாழ்வோரே கட்டைகளால் அமைத்துக் காட்ட இடமளித்தது. வரைபடம் படிக்கத் தெரியாதார்க்கும் கட்டை விளங்கிற்று.

தகர்த்தலைக் குறும்பென்று விட்டுவிடுவது எளிது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் எட்டாம் பருவம் சிற்றில். மணலிலே சிறுமியர் கட்டிய சிறுவீட்டைத் தலைவனாகிய சிறுவன் காலால் அழிக்க வருகின்றான். அழியாதே என அவர்கள் வேண்டுகின்றனர். அம்மணல்வீட்டிலும் எவரும் குடியிருந்ததில்லை. அங்கு ஆக்கிய சோறும் மணலே. அழிந்தால் ஒருவரும் ஒதுக்கிடம் இழப்பதில்லை. ஆயினும் அவ்வேண்டுதல் பொய்யானதென்று கவிஞர் எவரும் கருதவில்லை; ஒரு பருவத்தையே அதற்கு ஒதுக்கினர். உலாவியிற் கட்டிய வீட்டை நண்பன் இடித்துவிட்டான் என்று முறையிட்டு வரும் சிறுவனை 'அது வெறும் படந்தானே' என்று தேற்றும் பெற்றோர், அவன் இழந்தது யாது என்பதை அறியார். அவன் முறையீட்டைக் கேட்டபின், எந்த இடத்தில் எந்தக் கட்டையை வைத்திருந்தான், சாளரத்தை ஏன் கடற்பக்கமாக வைத்தான் என்று வினவிப் பார்க்கலாம். பெரும்பாலும் அவனுக்கு அவை யாவும் நினைவிலிருக்கும்; அடுத்த முறை சாளரத்தை எங்கே மாற்றப்போகின்றான் என்பதையும் அவன் கூறக்கூடும்.