ஒரு பகுதியும் பல பொருளும்: திராட்சத்தோட்ட உவமையும் நெய்வேலி நகரியத்துக் கேட்போரும்

ஒரு நூலுக்கு உரையாசிரியர் பலர் தோன்றுதல் தமிழுலகம் நன்கறிந்த செய்தியாகும். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுமிடங்களை ஒப்பிட்டுக் காண்பார், அவ்வேறுபாடு பெரும்பாலும் பாடத்தாலும் சொற்பொருளாலும் உரைகாரர் கொண்ட கொள்கையாலும் விளைந்தது என எளிதில் உணர்வர். கிறித்தவ மறைநூலுக்கும் இது பொருந்தும். ஆயின் ஒன்று வேறு. குறளுரை ஏட்டில் இருந்து கற்போரை எதிர்நோக்கும். மறையுரையோ ஞாயிறுதோறும் வாய்மொழியாக மக்கள் முன் நிகழும். கேட்டோர் மறுநாட் காலையிலேயே அதனைத் தம் வாழ்வோடு வைத்துப் பார்ப்பர். ஆதலின் உரை வேறுபாட்டின் பயனைக் காண, கேட்போர் வாழும் நிலத்தையும் உடன் வைத்தாராய்தல் வேண்டும்.

அவ்வாராய்ச்சிக்கு மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்து முதற் பதினாறு வசனங்களையும், கேட்குமிடமாக நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தையும் நாம் எடுத்துக்கொள்கின்றோம். உவமை கூலியைப் பற்றியது. நகரியம் கூலியால் எழுந்தது. இப்பொருத்தமே தேர்வுக்குக் காரணம்.

1. உவமையின் அமைப்பு

திராட்சத்தோட்டம் உடையான் ஒருவன் விடியலில் ஆட்களை நாட்கூலி பேசி அமர்த்துகிறான். பின்னரும் நான்கு முறை கடைத்தெருவிற்குச் சென்று, வேலையின்றி நிற்போரை அழைக்கின்றான். பொழுது சாய்ந்தபின், கடைசியில் வந்தோர்க்கு முதலில் கூலி தரப்படுகிறது; ஒருமணி நேரம் உழைத்தவரும் முழுநாட்கூலி பெறுகின்றனர். விடியலில் வந்தோர் மிகுதி கிடைக்குமென எண்ணி, பேசிய கூலியே கிடைத்தமையால் முறுமுறுக்கின்றனர். உடையான் விடையோடு உவமை முடிகிறது.

மூன்று செய்திகள் ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று, நாட்கூலி அன்றே பொழுது சாயுமுன் தரப்படவேண்டும் என்பது மோசேயின் சட்டம். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலும் அது காணப்படும். இரண்டு, இவ்வுவமைக்கு முன்னே 19ஆம் அதிகார இறுதியில், அனைத்தையும் துறந்து வந்த தமக்கு என்ன கிடைக்கும் எனப் பேதுரு வினவுகின்றார். அதிகாரப் பிரிவு பிற்காலத்தது. அது வினாவையும் விடையையும் பிரித்துவிட்டது. மூன்று, முறுமுறுத்தோர் தமக்குக் குறைந்தது என்னவில்லை. பிறரைத் தமக்குச் சமமாக்கிவிட்டதே அவர்கள் குறை. இம்மூன்றாம் செய்தியை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் வரும் நம் முடிவு இதன்மேலதே.

2. மரபுகளின் உரை

பழைய உரையாளருள் பெரிய கிரகோரியார், நாளின் ஐந்து வேளையையும் உலக வரலாற்றின் ஐந்து காலங்களாகக் கொண்டார்: ஆதாம் முதல் நோவா வரை விடியல், நோவா முதல் ஆபிரகாம் வரை மூன்றாம் மணி என இவ்வாறு செல்லும் அவர் பகுப்பு. மனிதனின் பருவங்களாகவும் அவர் அவற்றை விரித்துரைத்தார். அகுஸ்தீனார், அனைவர்க்கும் ஒப்பத் தரப்பட்ட காசு நிலைவாழ்வே என்றார். நிலைவாழ்வில் நீளம் குறுக்கம் இல்லையாதலின் கூலி ஒன்றாயிற்று என்பது அவர் கருத்து. அதனோடு, பதினோராம் மணிவரை வாழ்வோம் என்பதற்கு உறுதியில்லை ஆதலின் காலந்தாழ்த்தல் ஆகாது எனவும் எச்சரித்தார். கிறிசோஸ்தோமாரோ, உவமையின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பொருள் தேடுதல் வேண்டா, உவமை சொல்லப்பட்ட நோக்கத்தைக் கொள்க என்றார். முதுமையில் மனந்திரும்பினோர்க்கு ஊக்கம் தருதலே அந்நோக்கம் என்பது அவர் துணிபு. நம் உரைமரபிலும் உள்ளுறையைச் சொல்தொறும் விரிப்பாரும், கருத்துரையளவில் நிறுத்துவாரும் என இருதிறத்தாரும் உளர் என்பதனை இங்கு நினைக.

16ஆம் நூற்றாண்டில் இவ்வுவமை வழக்காடுமிடம் ஆயிற்று. லூத்தர், தம் செயலைத் தகுதியாகக் காட்டிக் கடவுளிடம் கூலி கேட்போரையே விடியலில் வந்தோராகக் கண்டார். கடைசியில் வந்தோர் அருளையே நம்பி நின்றோர் ஆயினர். கால்வின், அழைப்புப் பெற்றோர் சோம்பாது இறுதிவரை ஓடவேண்டும் என்பதனையே வற்புறுத்தினார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547இல் விடுத்த ஆணை, அருளே முதல் என ஒப்பி, அவ்வருளால் விளையும் நற்செயலுக்குக் கைம்மாறு உண்டு என நிறுவிற்று. தோட்டத்துள் செய்த உழைப்புக்கு மதிப்பு உண்டா என்பதே இருசாரார்க்கும் இடையே நின்ற வினா. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஆக்சுபர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. அதன்பின் இவ்வழக்கின் கூர்மை பெரிதும் மழுங்கிற்று எனலாம்.

வேறுபாட்டிற்கு வாசகநாள் காரணமாகுமோ எனின், ஓரளவே ஆம். பழைய உரோமை ஒழுங்கிலும், லூத்தரன் ஒழுங்கிலும், ஆங்கிலிக்கப் பொது மன்றாட்டு நூலிலும் இப்பகுதி தவக்காலத்திற்கு முற்பட்ட ஒரே ஞாயிறன்று வாசிக்கப்பட்டது. நாள் ஒன்றாயிருந்தும் உரை ஒன்றாகவில்லை. ஆயினும் உடன் வாசிக்கப்படும் பகுதி உரையின் போக்கை மாற்றுதலை மறுத்தற்கில்லை. அப்பழைய நாளில் உடன் வந்தது, பந்தயத்தில் ஓடுவாரைக் கூறும் கொரிந்தியர் திருமுகப் பகுதி. ஆதலின் உரை உழைப்பை நோக்கி நடந்தது. 1969இல் கத்தோலிக்கர் வாசகவொழுங்கு திருத்தப்பட்டபின், இவ்வுவமை முதலாம் ஆண்டின் பொதுக்கால 25ஆம் ஞாயிற்றுக்குரியதாயிற்று. அன்று உடன் வருவது, கடவுளின் வழி மனிதர் வழியன்று எனும் கருத்தமைந்த எசாயா 55ஆம் அதிகாரம். உரையும் உழைப்பினின்று வள்ளன்மைக்குத் திரும்பிற்று.

பெந்தெகொஸ்தே மரபினர் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவரல்லர். அவர்தம் போதனையில் பதினோராம் மணி உலகின் கடைசிக் காலத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுதல் பெருவழக்கு. பின்மாரி பற்றிய அவர் கொள்கையோடு அது இயைந்து, கடைசியில் எழும் எழுப்புதலே மிகப்பெரிது எனும் நம்பிக்கையைத் தருகிறது.

3. தமிழ்ப் பாடமும் சொல்லும்

இதுவரை கூறியன எம்மொழியார்க்கும் பொது. தமிழில் கேட்போர்க்கு வேறொரு காரணம் உண்டு, அது மொழிபெயர்ப்பு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த நாள்தொட்டுப் பல மொழிபெயர்ப்புக்கள் எழுந்தன. அவற்றுள் இன்றும் பெருவழக்காயிருப்பன இரண்டு. ஒன்று, பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த பரிசுத்த வேதாகமம். சீர்திருத்தச் சபையாரும் பெந்தெகொஸ்தேயாரும் இதனையே பெரிதும் ஓதுவர். மற்றொன்று, கத்தோலிக்கரும் பிறரும் கூடி உழைத்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம். கத்தோலிக்கர் வழிபாட்டில் ஓதப்படுவது இது.

வேளையைக் குறிக்கும் சொல்லை முதற்கண் நோக்குவோம். பழைய பாடம் மூலத்தைப் பின்பற்றி மூன்றாம் மணி, பதினோராம் மணி என்று வைத்தது. யூதர் கணக்கில் பகல் கதிரெழுச்சியிற் தொடங்கும் ஆதலின், பதினோராம் மணி என்பது மாலை ஐந்து. புதிய பாடம் காலை ஒன்பது, மாலை ஐந்து எனக் கணக்கைத் தீர்த்தே தருகிறது. ஷிப்டுக் கணக்கில் நாளைப் பகுத்து வாழும் நகரியத்தார், பழைய பாடத்தைக் கேட்டுப் பகல் பதினொன்று எனக் கொள்ளின் உவமையின் உயிரே போய்விடும். புதிய பாடத்தில் அவ்விடர் இல்லை. ஆயின் கடைசிக் காலம் எனும் குறிப்பு அதில் ஒலிப்பதில்லை. ஐந்து மணி என்பது கடிகாரம் காட்டும் நேரமாய் நின்றுவிடுகிறது.

அடுத்தது, தோட்டம் உடையான். பழைய பாடத்தில் அவன் வீட்டெஜமான். வினைமுற்றும் ஆன் ஈற்றதே. புதிய பாடத்தில் அவர் நிலக்கிழார். வினையும் ஆர் ஈறு பெற்று உயர்வுப்பன்மையாயிற்று. உவமையில் வருவோன் ஒரு மனிதனே, அவன் கடவுள்தானா என்பதனைக் கேட்போர் எண்ணித் துணியவேண்டும் எனும் இடைவெளியைப் பழைய பாடம் விட்டுவைத்தது. புதியது அவரைத் தொடக்கத்திலேயே வணங்கத்தக்கவர் ஆக்கிவிடுகிறது. அவர் செயலை ஐயுறுதற்கு ஆங்கு இடம் குறைவு. ஆயின் புதிய பாடம் வேறொன்றை ஈடாகத் தருகிறது. முறுமுறுத்தவனைப் பழைய எஜமான் சிநேகிதனே என விளித்து ஒருமையிற் பேசுகின்றான். நிலக்கிழாரோ தோழரே என விளித்து நீர் எனும் மரியாதையோடு பேசுகின்றார். தோழர் என்பது நெய்வேலியில் தொழிற்சங்கத்தார் நாவில் நாளும் வழங்கும் சொல். அச்சொல் பீடத்தினின்று வருங்கால் கேட்போர் செவி விழிப்புறுதல் இயல்பு. கூலி கொடுக்கும் காரியக்காரன் மேற்பார்வையாளர் ஆனதும் இத்தகையதே.

உவமையின் இறுதி வினாவில் இரு பாடமும் மிக வேறுபடுகின்றன. மூலத்தில், உடையான் நல்லவனாயிருத்தலால் முறுமுறுப்போனின் கண் தீயதாயிற்றோ எனும் பொருள்பட வினா அமைந்துள்ளது. பழைய பாடம் தயாளன், வன்கண்ணன் எனும் சொற்களை எதிர்நிறுத்திற்று. புதிய பாடம் நல்லவன், பொறாமை என்றது. கருத்து விளங்குதற்குப் பின்னது எளிது. ஆயினும் கண் என்னும் உறுப்பைக் காத்தது முன்னதே. வள்ளுவர் இரக்கத்தைக் கண்ணின் செயலாக்கிக் கண்ணோட்டம் என ஓரதிகாரம் வகுத்தார். அழுக்காறாமைக்குத் தனியே வேறோர் அதிகாரம் வைத்தார். வன்கண்ணன் எனும் சொல் கண்ணோட்டத்தின் மறுதலையாய் நின்று, அயலான் நிலையைக் காண மறுக்கும் கொடுமையைச் சுட்டும். பொறாமை எனுங்கால் அது மனத்தின் ஒரு குற்றமாய்ச் சுருங்குகிறது. இவ்விடத்துப் பழைய பாடமே சிறந்தது என்பது நம் கருத்து.

16ஆம் வசனத்தின் பிற்பகுதியும் கருதத்தக்கது. அழைக்கப்பட்டோர் பலர், தெரிந்துகொள்ளப்பட்டோர் சிலர் எனும் கருத்தமைந்த வாக்கியம் பழைய பாடத்தில் உண்டு, புதியதில் இல்லை. மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளாகிய சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அது இல்லை என்பதே காரணம். அது 22ஆம் அதிகாரத்திற்கு உரியது. அவ்வாக்கியத்தைக் கொண்டு முடிப்போர் கேட்போரை எச்சரித்து முடிப்பர். அஃதின்றி முடிப்போர் கடைசியானோரைத் தேற்றி முடிப்பர். ஒரே உவமை அச்சமாகவும் ஆறுதலாகவும் போதிக்கப்படுதற்கு இப்பாட வேறுபாடு ஒரு தலையாய காரணம்.

4. நகரியத்தில் கேட்போர்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956இல் நிறுவப்பெற்றது. 1957 மே மாதம் சுரங்கப்பணி பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. தென்னார்க்காட்டின் இப்பகுதிக்குப் பல மாவட்டத்தாரும் அயல்மாநிலத்தாரும் வேலை நாடி வந்தனர். அவருள் கிறித்தவர் தத்தம் ஊர்ச்சபையின் வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். கடலூரைச் சூழ்ந்த பகுதி, டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லூத்தரன் திருச்சபைக்கும், புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கும் நெடுநாள் உரியது. ஆதலின் ஓர் உவமையின் பல உரைகளும் அடுத்தடுத்த வட்டங்களில் வாழ்வோரிடையே வழங்குதற்கு இந்நகரியம் ஏற்ற நிலமாயிற்று.

இங்குக் கேட்போர் ஒருதன்மையர் அல்லர். நிரந்தரத் தொழிலாளர் ஒருபால். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருபால். சுரங்கத்திற்கு நிலங்கொடுத்து வேலை வேண்டி நின்றோர் ஒருபால். ஒப்பந்தத் தொழிலாளர் பணிநிரந்தரமும் ஒத்த ஊதியமும் வேண்டிப் பன்முறை போராடியுள்ளனர். 2014இல் நடந்த வேலைநிறுத்தம் பலரும் அறிந்தது. நிலக்கிழார் எனும் சொல், தம் வயலை இழந்து பிறர்பால் வேலை கேட்டு நின்றவன் செவியில் எவ்வாறு விழும் என்பதனையும் உரைப்போர் எண்ணுதல் வேண்டும்.

இந்நிலையில் உவமை தவறாகப் பயன்படுதற்கு எளிய வழி ஒன்றுண்டு. முறுமுறுத்தல் பாவம், கிடைத்த கூலியோடு அமைக எனப் போதித்தலே அது. அவ்வுரை குறைந்த கூலி பெறுவோனை நோக்கிச் சொல்லப்படுமாயின், உவமை தலைகீழாகிவிடும். முன்னர்க் கூறியவாறு, உவமையில் முறுமுறுத்தோர் குறைவாகப் பெற்றோர் அல்லர். முன்னே இடம்பிடித்து, பின்வந்தோர் தமக்குச் சமமாதலைப் பொறாதோர். அவர்க்குரிய கடிந்துரையை, நாள்முழுதும் உழைத்தும் சமம் பெறாதானுக்குக் கூறுதல் பொருந்தா உரை. உரைவேறுபாடு ஒருபுறமிருக்க, இதனை உரைப்பிழை என்றே கொள்ளல் தகும்.

இதற்கு எதிராக, உவமையை ஊதியச் சட்டமாகவே கொள்வாரும் உளர். ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளுக்கு இவ்வுவமையின் சொற்களையே தலைப்பாக்கினார். காந்தியடிகள் 1904இல் அந்நூலைத் தென்னாப்பிரிக்காவில் இரயிற் பயணத்திற் படித்து, 1908இல் குசராத்தியில் சர்வோதயம் எனச் சுருக்கித் தந்தார். 1980களில் எழுந்த தலித் இறையியலும், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு வற்புறுத்திய ஒரே உலை எனும் சமபந்திக் கருத்தும், கடைசியில் நிற்போனிடமிருந்து மறைநூலைப் படிக்கக் கற்பித்தன. இவ்வுரைகள் பழைய உரைகள் காணாத ஒன்றைக் கண்டன: மாலைவரை நின்றோர் சோம்பேறிகள் அல்லர், அவர்களை வேலைக்கு அழைப்பாரே இல்லை என்பது உவமை தரும் விடை. ஆயினும் உவமையின் உடையான் சமநீதியைச் சட்டமாக்கவில்லை. தன் பொருளைத் தன் விருப்பப்படி கொடுத்தான். அவன் விருப்பத்தையே தொழிலாளர் உரிமைக்கு அடிப்படையாக்கின், விருப்பம் மாறியவழி உரிமையும் மாறும். ஊதிய நீதிக்கு உபாகமச் சட்டமே உறுதியான சான்று. உவமை அச்சட்டத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றைக் கூறுகிறது.

5. முடிவு

மரபுகள் வேறுபடுதற்குக் கொள்கை, உடன்வாசகம், தமிழ்ப்பாடம் எனும் மூன்றும் காரணமாதலைக் கண்டோம். நான்காவதாக ஒன்று எஞ்சுகிறது: உரைப்போர் கேட்போரை உவமையின் எவ்விடத்தில் நிறுத்துகின்றனர் என்பது. கிரகோரியார் வரலாற்றிலும், அகுஸ்தீனார் சாவின் முன்னும், லூத்தர் வழக்குமன்றத்திலும், பெந்தெகொஸ்தேயார் கடைசி வேளையிலும், தலித் இறையியலார் கடைத்தெருவிலும் நிறுத்தினர். இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆயின் அனைத்தையும் அளக்க ஓர் அளவுகோல் உவமையுள்ளேயே உண்டு. கேட்பவன் அயலானைக் காணும் கண்ணை அவ்வுரை மென்மையாக்குகிறதா, வன்மையாக்குகிறதா என்பதே அது. நெய்வேலியில் இப்பகுதியை உரைப்போர் இரு பாடங்களையும் அருகருகே வைத்துப் படித்து, நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே இருக்கையில் அமர்ந்து கேட்கின்றனர் என்பதனை உளங்கொண்டு உரைப்பராயின், உரை மூலத்திற்கும் நிலத்திற்கும் ஒருங்கே பொருந்தும் என்பது நம் துணிபு.