ஆற்றுப்படையும் ஆற்றுப்படுத்தலும்

பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பரிசில் நல்கும் தலைவனின் இயல்பையும் எடுத்துரைத்தல் அவற்றின் பொது இலக்கணம். திருமுருகாற்றுப்படை அவ்வழியை இறைவன்பாற் செலுத்தியது. வழி கூறுவோன் கேட்போனைக் கைபற்றி இழுத்துச் செல்வதில்லை; அவன் பசியை இகழ்வதுமில்லை. நடப்பவன் தானே நடக்கின்றான்.

உளநோவுற்ற சிறுவர்க்கும் இளைஞர்க்கும் துணைபுரியும் தொழிலை ஈழத் தமிழர் உளவளத்துணை என்றும் சீர்மியம் என்றும் ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குவர். இவற்றுள் இறுதிச் சொல்லே சாலப் பொருந்துவது. வழி என்னும் பொருளும் தணித்தல் என்னும் பொருளும் அதனுள் ஒருங்கே ஒலிக்கின்றன. பெயருக்கேற்ற பண்பு செயலிலும் உளதோ என்பதை மன்னார்த் தீவையும் அதன் கரையோரத்தையும் மனத்திற் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வடபுலத்தில் இத்துறையை வளர்த்தோருள் முதன்மையானவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' (1998), 'ஸ்கார்ட் கம்யூனிற்றீஸ்' (2014) ஆகிய அவர்தம் ஆங்கில நூல்கள், போரின் வடு தனியாள் மனத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் பற்றுவது என்று காட்டுகின்றன. மன்னார் மக்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். மடுத் தேவாலய வளவில் அடைக்கலம் புகுந்தோருட் பலர் 1999 நவம்பரில் அங்கேயே எறிகணைக்கு இரையாயினர். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகளை அவரவர் சமய மரபிலிருந்தே எடுத்தாளலாம் என்பது பேராசிரியரின் மற்றொரு கொள்கை. திருக்கேதீச்சரமும் மடுவும் பள்ளிவாசல்களும் ஒருங்கே விளங்கும் மாவட்டத்துக்கு அது பெரிதும் ஏற்றது. ஆயின் சமயம் பிள்ளையுடையதாதல் வேண்டும், ஆற்றுப்படுத்துவோனுடையதன்று.

இனி, முறைகளின் குணங்குறைகளை நோக்குவோம். மன்னாரிற் பிள்ளைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு அன்றெனினும், நம் தீவின் வடகீழ்க் கரையில் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் முகாமொன்றில் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று கருதத்தக்கது. 31 பிள்ளைகள் இரு பகுதியாயினர். ஒரு சாரார் தம் வாழ்க்கைக் கதையை நிரல்படச் சொல்லினர். மறுசாரார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இருசாரார்க்கும் அமர்வுகள் ஆறே. ஆறு திங்களின் பின் முன்னோருள் 81 வீதத்தினரும் பின்னோருள் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். தொகை சிறிதாதலின் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. துன்பத்தை வாய்விட்டுச் சொல்லியே தீரவேண்டும் என்னும் கொள்கை இதனால் தளர்கின்றது. ஆயின் எவ்வுதவியும் பெறாதார் குழுவொன்று இவ்வாய்வில் இன்மையால், முறை ஆற்றியது எவ்வளவு, காலம் ஆற்றியது எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. இஃது அதன் குறை.

அக்குறை நீங்கியதாய், வடபுலப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள் வகுப்பறையில் நடைபெற்றன. சிலர்க்குப் பயன் விளைந்தது. ஆயின் பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், பயிற்சி பெறாது காத்திருந்த பெண்பிள்ளைகளின் அறிகுறிகளைக் காட்டிலும் குறைந்த அளவிலேயே தணிந்தன. நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எல்லார்க்கும் ஒரே வழி காட்டுவது ஆற்றுப்படையாகாது.

பருவமும் நோக்கற்பாலது. சிறு பிள்ளை தன் துயரைச் சொல்லாற் கூறாது; மணலிற் கட்டும் வீட்டிலும் வரையும் படகிலும் காட்டும். பதின்மப் பருவத்தினர் தம் சொல் வெளியேறாது என்னும் உறுதியை முதலில் வேண்டுவர். அனைவரும் அனைவரையும் அறிந்த கடற்கரை ஊர்களில் அவ்வுறுதி அரிது. இளைஞரின் வருத்தமோ தொழிலோடு பின்னியது. அவர்க்கு ஆறுதல் மொழியோடு பிழைப்புக்கான வழியும் வேண்டும். இன்று பாடசாலையிலுள்ளோருட் பெரும்பாலார் 2009இல் போர் முடிந்தபின் பிறந்தோர். பரீட்சை அச்சமும், பணிநிமித்தம் தாய் வெளிநாடு சென்ற வீட்டின் வெறுமையும் அவர்தம் துயரங்கள். அனைத்தையும் போரின் வடுவெனவே காணும் கண் இவற்றைக் காணத் தவறும்.

இறுதியாக ஆசிரியராகிய நம்மைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கிராமத்துப் பிள்ளை முதலில் அடையக்கூடிய துணை பெரும்பாலும் வகுப்பாசிரியரே. உடற்றண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. காலையிற் பிரம்பெடுத்த கையை மாலையில் துணையென்று எந்தப் பிள்ளை நம்பும்? நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாக்குதலும் அவ்வாறே பிழை. ஆயின் பிள்ளைக்குத் தீங்கு நேருமிடத்து இரகசியம் பெரிதன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் அதற்கென்றே உளது.

முறைகள் பலவாகலாம். சொல்ல விழையும் பிள்ளைக்குச் செவியும், சொல்ல விழையாத பிள்ளைக்குப் பொறுமையும் நல்குவதே அவையனைத்துக்கும் அடிப்படை. பிள்ளையின் நடைக்கேற்பத் தன் நடையைத் தளர்த்தத் தெரிந்தவனே ஆற்றுப்படுத்துவோன் என்னும் பெயருக்கு உரியவன்.