பயிற்சி நல்லது, பாரம் யாருக்கு?

பேச்சு வராத, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் வேலூருக்கு வருகின்றன. ஆட்டிசம் என்று உறுதியானதும் அவர்களுக்கு ஓர் அறிவுரையும் கிடைக்கிறது: வாரத்தில் ஒரு மணி நேரச் சிகிச்சை மட்டும் போதாது, மீதியை வீட்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும். இப்படிப் பெற்றோரையே பயிற்சியாளராக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தோல் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதே இங்கு கேள்வி.

வேலூருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பாகாயத்தில் உள்ள சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் தொடக்கக் காலத்திலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருக்கும்படி தன் சிகிச்சையை அமைத்துக்கொண்டது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரும் அங்கே தங்கிக் குழுவாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே அழைக்கும் வழக்கத்தைவிட இது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆட்டிசத்துக்கென வகுக்கப்பட்ட பெற்றோர் பயிற்சிகளில் நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று பிரிட்டனில் ஜோனதன் கிரீன் குழுவினர் உருவாக்கியது. தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கிறார்கள். குழந்தை எங்கே பார்த்தது, எதைத் தொட்டது, அதற்குப் பெரியவர் என்ன செய்தார் என்று அலசுகிறார்கள். இதில் முதலில் மாறவேண்டியவர் பெரியவர்தான். கேள்வியைக் குறைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பிள்ளை உருட்டும் சக்கரத்தைப் பற்றியே பேச வேண்டும். 152 குழந்தைகளிடம் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. அதையே தெற்காசியாவுக்கேற்ப மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தினார்கள். பயிற்சி தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பின்பற்றிப் பேசுவது நன்றாகக் கூடியது, குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது என்று 2016-இல் அறிவித்தார்கள். நிபுணர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில் இது பெரிய நம்பிக்கை.

இதன் உண்மையான பலம் அடிப்படைப் பார்வையில் இருக்கிறது. ஆட்டிசக் குழந்தைக்குத் தொடர்புகொள்ளத் தெரியாது, நாம் கற்றுத்தர வேண்டும் என்பது பழைய எண்ணம். ஆட்டிசமுள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் வாதிட்டார். அவருக்கு வெகு முன்பே, 1981-இல், பாரி பிரிசன்ட்டும் ஜூடித் டுசனும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: நாம் சொன்னதையே குழந்தை திருப்பிச் சொல்வது வெறும் எதிரொலி அல்ல, கேட்பதற்கும், ஒப்புக்கொள்வதற்கும், தன் முறைக்குப் பதில் தருவதற்கும் அது பயன்படுகிறது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா?" என்றே சொல்லும் பிள்ளை, வேண்டும் என்றே சொல்லக்கூடும்.

குறைகளும் சிறியவை அல்ல. கோவா, ராவல்பிண்டி ஆய்விலேயே, பெற்றோரும் குழந்தையும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது. பிரிட்டன் ஆய்வில், பெற்றோரிடம் தெரிந்த முன்னேற்றம் வெளியாரிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் நன்றாகப் பேசும் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் பேசும் என்று எண்ணிவிட முடியாது.

இன்னொரு குறை, கைமாறும்போது முறை சிதைந்துபோவது. காத்திருந்து பின்தொடரச் சொன்ன பயிற்சி, "இது என்ன? சொல்லு. கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்ற பரீட்சையாக மாறிவிடுகிறது. கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு வேதனை தருவதாக ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வேதனையைக் கொடுத்துப் பெறும் பார்வையைத் தொடர்பாடல் என்று சொல்ல முடியாது.

மொழியிலும் ஒரு தவறு நடக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல வீடுகளில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். "குழந்தை குழம்பும், ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற அறிவுரை இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதில்லை என்றே இதுவரையிலான ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியின் உருதுவைப் பிள்ளையிடமிருந்து பறித்தால், வீட்டில் அதனோடு பேசும் ஆட்களில் ஒருவர் குறைகிறார். வேறு பலன் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை நேரம். இந்த முறை தினமும் அரைமணி நேரம் அமைதியான விளையாட்டைக் கேட்கிறது. இங்கே ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறி, மாலையில் திரும்பி, அதன்பின் சமைக்க வேண்டியவர்கள். வீட்டிலேயே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுப்பவர்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விளையாடும் அரைமணி, இழந்த கூலி. பயிற்சி நடக்கவில்லையென்றால் பழி தாய்மேல் விழுகிறது. தந்தையும் தாத்தாவும் பாட்டியும் அறிவுரையிலேயே இடம்பெறுவதில்லை.

ஆகவே என் முடிவு இது: முறையை வைத்துக்கொள்ள வேண்டும், பாரத்தைப் பகிர வேண்டும். அதற்கான இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பின்வந்த திருத்தத்தோடு, விதித்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அதை விரித்தது. அந்தக் காப்பகப் பணியாளருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். சுகாதாரப் பணியாளர்களால் முடிந்தது அவர்களாலும் முடியும். குழந்தையும் அம்மாவைத் தவிர இன்னொருவரோடு பேசிப் பழகும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தாயிடம் வீட்டுப் பயிற்சியை எழுதிக் கொடுக்கும் முன், அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்குப் பொருந்தும் பயிற்சியை மட்டும் எழுதுங்கள்.