குவேனியும் அல்லியும்: புத்தளக் கரையின் இரு கதைகளும் ஒரு வினாவும்

புத்தளக் கரையோரத்தின் தொன்மை பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை ஒரே வினாவையே வெவ்வேறு குரல்களில் எழுப்புகின்றன. இக்கரையில் முதலில் இருந்தவர் யார்? விசயன் இறங்கிய தம்பபண்ணி எவ்விடம்? குவேனி எந்த இனத்தினள்? இவை வரலாற்றுப் புதிர்கள் என்ற பெயரால் வாசகரைக் கவர்வன. சிங்களத்தில் எழுதுவோர் அவளை ஒரு விதமாகவும், தமிழில் எழுதுவோர் வேறொரு விதமாகவும் உரிமை கோருகின்றனர். விடைகள் மாறுபட்டாலும் வினா ஒன்றே. அவ்வினாவே ஆய்வுக்குரியது என்பது நமது கருத்து. ஒரு கதையை ஆதாரப் பத்திரமாக வாசிப்பதற்கு முன்னர், அதனைக் கதையாக வாசித்தல் வேண்டும்.

முதலில் நூல்நிலையை நோக்குவோம். கி.பி. 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தீபவம்சம் விசயனின் வருகையைக் கூறுகின்றது. ஆனால் அங்கே குவேனி இல்லை, மதுரை இளவரசியும் இல்லை. அதற்குப் பின்னெழுந்த மகாவம்சத்திலேயே இருவரும் தோன்றுகின்றனர். நாய் வடிவெடுத்த இயக்கியைப் பின்தொடர்ந்து சென்ற விசயனின் ஆட்கள் மரத்தடியில் நூல் நூற்கும் பெண்ணொருத்தியைக் காண்கின்றனர். அவள் அவர்களைச் சிறைப்படுத்துகிறாள். மந்திர நூல் அவர்களைக் காக்கின்றது. தலைவன் வாளுடன் வந்து அச்சுறுத்த அவள் பணிகிறாள். பின் விருந்தும் மஞ்சமும் அமைகின்றன. ஹோமரின் ஒடிசியில் வரும் சேர்சேயின் கதையும் இதே அமைப்பினதே என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே நாம் காண்பது நேரில் கண்டார் உரைத்த செய்தியன்று. கடலோடிகளின் உலகிற் பரவியிருந்த கதைக்கூறு ஒன்று அரசின் தோற்றத்தை விளக்கும் பணிக்குக் கொணரப்பட்டுள்ளது. அப்பணிக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டியது.

கதையின் பொருளியல் விவரங்கள் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கவை. குவேனி நூல் நூற்கிறாள். விசயனுக்கும் அவன் ஆட்களுக்கும் அவள் கொடுக்கும் அரிசியும் பிறவும் அவளுக்கு இரையான வணிகரின் கப்பல்களிலிருந்து பெறப்பட்டவை. எனவே, ‘முதன்முதல்’ வந்தவனாகப் போற்றப்படுபவன் இறங்கிய கரைக்கு அவனுக்கு முன்னரே வணிகர் வந்திருக்கின்றனர். விசயன் மதுரைக்குத் தூதனுப்பும்போது மணிகளும் முத்துக்களும் செல்கின்றன. மணம் முடிந்தபின் ஆண்டுதோறும் மாமனுக்குப் பெருவிலை கொண்ட சங்கும் முத்தும் அனுப்பப்படுகின்றன. மதுரையிலிருந்து வருவது இளவரசி மட்டுமன்று. பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் வருகின்றன. இங்கிருந்து முத்து, அங்கிருந்து கைவினைஞர். இத்திருமணம் இரு கரைகளுக்கிடையே நிகழ்ந்த பண்டப் பரிமாற்றத்தின் கதைவடிவம் எனலாம். கதையை இனத்தின் பிறப்புச் சான்றிதழாகக் காண்போர், அது தன் வாயாலேயே தன்னை மறுத்துரைப்பதைக் கவனிப்பதில்லை.

குவேனி துரத்தப்படுவதும் இப்பின்னணியிலேயே பொருள்பெறுகின்றது. சிறிசவத்துவில் திருமண விழவிற் கூடியிருந்த இயக்கரைக் கொல்லும் வழியை விசயனுக்குக் கூறியவள் அவளே. ஆட்சி கைக்கு வந்ததும், முடிசூட சத்திரிய குலப் பெண் வேண்டும் என்கிறான் அவன். அதிகாரத்தைப் பெற்றுத்தந்தவள் அதிகாரத்துக்கு நியாயம் வழங்கத் தகுதியற்றவளாகிறாள். நிலத்தையும் உழைப்பையும் கைப்பற்றுவதற்கு அவள் போதும். கைப்பற்றியதை அறமாக்குவதற்கு வருணம் வேண்டும். அரசு என்னும் நிறுவனத்தின் கருத்துநிலைத் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பண்டைக் கதைகள் மிகச் சிலவே. பிள்ளைகளை விட்டுச் செல்லுமாறு அவன் கூறுகிறான். அவளுக்கு ஆயிரம் செலவில் பலியளிப்பதாக வாக்களிக்கிறான். மனைவியாக இருந்தவள் ஒரே வாக்கியத்தில் பலி கொடுத்து அமைதிப்படுத்தவேண்டிய அமானுடப் பிறவியாகிவிடுகிறாள். பிள்ளைகளுடன் தன்னவரிடம் திரும்பியவள், ஒற்று பார்க்க வந்தவளென ஐயுறப்பட்டு இயக்கனொருவனின் கையால் மடிகிறாள். மலைநாட்டுக்குத் தப்பியோடிய பிள்ளைகளின் வழியில் புளிந்தர் தோன்றினர் என நூல் முடிக்கின்றது. வேடுவ மக்கள் அரச மரபிலிருந்து விலக்கப்பட்டமைக்கு இங்கே குலக்கதை ஒன்று வழங்கப்படுகின்றது.

இவ்விடத்தில் முற்போக்குத் திறனாய்வின் வாசிப்பையும் நாம் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். மோர்கனையும் எங்கெல்சையும் கற்ற நம்மிற் பலர், குவேனியைத் தாயுரிமைச் சமுதாயத்தின் சின்னமாகவும், விசயனைத் தந்தையுரிமையின் சின்னமாகவும் கண்டு மனநிறைவடைந்ததுண்டு. அது எளிதான வாசிப்பு. மகாவம்சம் கூறும் இயக்கர் சமூகத்திலேயே தலைவன் இருக்கிறான். திருமணமும் அரச உடையும் இருக்கின்றன. தாயுரிமைச் சமுதாயத்துக்குரிய சான்றை அங்கே தேடுவது, நாம் முன்கூட்டியே கொண்டுசென்ற முடிவை நூலுள் வைத்துவிட்டு மீண்டும் எடுத்துக்கொள்வதாகும். பிக்கு ஒருவர் தம் காலத்து அரசுக்கும் சங்கத்துக்கும் வேண்டிய கடந்த காலத்தை எவ்வாறு ஆக்கினார் என்பதையே நூல் நமக்குக் காட்ட வல்லது. பொருள்முதல்வாத ஆய்வு என்பது கட்டங்களின் பட்டியலைக் கதைகளின்மேற் பொருத்துவதன்று.

இனி, இதே கரையின் தமிழ்க் கதையொன்றை நோக்குவோம். வில்பத்துக் காட்டின் கடலோரத்திலுள்ள குதிரைமலையை அல்லி அரசாணியோடு தொடர்புபடுத்தும் ஐதிகம் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. கற்பிட்டியில் 1807இற் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய இடவிளக்க அகராதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இக்கரையின் குடிகளையும் வழக்குகளையும் பதிவுசெய்த முன்னோடி என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழ் அம்மானை மரபில் அல்லி ஆண்களைப் பொருட்படுத்தாது தனியே நாடாள்பவள். அவள் உறங்குகையில் அருச்சுனன் பாம்பு வடிவிற் புகுந்து தாலி கட்டுகிறான். அதன்பின் அவளது ஆட்சி அவனது வெற்றியின் ஒரு பகுதியாகின்றது.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது அவற்றின் உறவு புலனாகின்றது. இரண்டிலும் ஆளுமை மிக்க பெண்; இரண்டிலும் வெளியிலிருந்து வரும் ஆண்; இரண்டிலும் மணம் என்பது அதிகாரம் கைமாறும் வழி. ஒருத்தி வாளாலும் மற்றவள் தாலியாலும் வெல்லப்படுகின்றனர். குவேனிக்கு இழைக்கப்பட்ட அநீதியை இனத்தின் பெயரால் எடுத்துரைக்கும் தமிழ் எழுத்தாளர், அல்லியின் உறக்கத்தில் இழைக்கப்பட்டதை வீர விளையாட்டாகவே கண்டு நகைத்திருக்கின்றனர். அடுத்தவர் நூலிற் காணும் கொடுமை நம் நூலில் சுவையாகிவிடுகின்றது. இனத்தை அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வின் குறைபாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொல்லியற் சான்றுகளும் ‘முதற்குடி’ வினாவுக்கு வசதியான விடையைத் தருவனவல்ல. புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொன்பரிப்பில் 1920களிலும் 1950களிலும், பின்னர் 1970இலும் நிகழ்ந்த அகழ்வுகள் ஈமத்தாழிகளையும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் அவற்றுக்குள்ள ஒப்புமை பலராலும் சுட்டப்பட்டது. இதனைக் கொண்டு சிலர் உடனே நில உரிமை பேசினர். ஆனால் தாழிகள் மொழி பேசுவதில்லை. அவை ஒரு பண்பாட்டின் பரவலை, இரு கரைகளும் ஒரே உலகாயிருந்த காலத்தை உணர்த்துகின்றன. 1344இல் இக்கரைக்கு வந்த இபின் பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். கறுவா மரங்கள் கரையிற் குவிந்துகிடந்ததையும், மறுகரையிலிருந்து வருவோர் அவற்றை எடுத்துச்சென்று அரசனுக்குத் துணிவகைகளை அளித்ததையும் குறித்தார். குவேனி கதையின் நூலும் முத்தும் கப்பலும் இங்கே துணியும் கறுவாவும் கப்பலுமாகத் தொடர்கின்றன.

மக்களின் அடையாளங்களும் அவ்வாறே அசைந்துகொண்டிருந்தன. முக்கர ஹடன என்னும் சிங்கள ஏட்டுச்சுவடி, கோட்டையின் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் (1412–1467) புத்தளத்து முக்குவரை எதிர்த்துப் போரிடத் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து அழைக்கப்பட்ட வீரரைப் பற்றிக் கூறுகின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்தமையைப் பெருமையுடன் நினைவுகூரும் இம்மரபு சிங்களத்தில் எழுதப்பட்டு, சிங்களம் பேசும் கராவ மக்களால் தம் குலவரலாறாகப் பேணப்படுகின்றது. 20ஆம் நூற்றாண்டிற் சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையிலான மீனவக் கிராமங்களிற் பாடசாலை மொழியும் வழிபாட்டு மொழியும் மாற, தமிழ் பேசிய குடும்பங்கள் சிங்களக் குடும்பங்களாயின. அதே கரையில் உடப்பு மக்கள் கரைவலை இழுக்கும் அம்பாப் பாடல்களையும் திரௌபதை அம்மனின் தீமிதிப்பையும் தமிழிற் பேணிவருகின்றனர். ஒரே கடல், ஒரே தொழில், வேறுபட்ட முடிவுகள். குருதியைக் கொண்டு இதனை விளக்க முடியாது. கல்வி, திருச்சபை, சந்தை, அரசு ஆகியவற்றைக் கொண்டே விளக்கலாம். ‘சிங்கள’ என்னும் பெயரே தொடக்கத்தில் ஆளும் குழுவினரைக் குறித்துப் பின்னரே ஏனையோருக்கும் விரிந்தது என்று பேராசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்த்தன 1979இல் வெளிவந்த தம் கட்டுரையில் நிறுவ முயன்றமை இத்திசையில் முக்கியமான அடியாகும்.

நம்பிக்கையின் தளத்தில் குவேனியின் வழக்கு இன்னும் முடியவில்லை. மத்திய மலைநாட்டின் கொஹொம்பா கங்காரிய என்னும் பெருஞ்சடங்கின் மூலக்கதை, குவேனிக்குச் செய்த வாக்குறுதி மீறப்பட்டதால் விளைந்த தோசம் பின்வந்த பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பற்றியதெனக் கூறுகின்றது. மகாவம்சம் ஓரடியிற் கொன்று முடித்தவளை மக்களின் சடங்கு மீண்டும் எழுப்பியது. அவளது முறைப்பாடு அரசனின் உடலில் நோயாய்ப் பேசிற்று. சமயம் ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்ற மார்க்ஸின் கூற்றை, அது வெறும் மயக்கம் என்ற பொருளில் மட்டும் வாசித்தல் தவறு. நீதிமன்றமோ ஏடோ ஏற்காத வழக்கினைச் சடங்கு ஏற்றுக்கொண்டிருக்கின்றது. ஆயினும் சடங்கு நோயைத் தீர்க்கின்றதேயன்றி வாக்குமீறலைத் தீர்ப்பதில்லை. அதன் வலிமையும் எல்லையும் அதுவே. 1963இல் ஹென்றி ஜயசேன குவேனியை மேடைக்குக் கொணர்ந்தமை அவ்வழக்கைப் பகுத்தறிவின் முன் வைக்கும் முயற்சியாகத் தோன்றுகின்றது.

இவையெல்லாம் ஏட்டுச் சர்ச்சைகள் எனச் சிலர் கருதலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வந்தடைந்தது இந்தப் புத்தளக் கரையையே. தலைமுறைகளாக வாழ்ந்த ஊரில் அவர்கள் உரியவரல்லர் எனத் தீர்ப்பளித்த தருக்கமும், அவர்கள் வந்துசேர்ந்த இடத்தில் நீருக்கும் நிலத்துக்கும் தொழிலுக்கும் நெருக்கடி ஏற்பட்டபோது ‘வந்தவர்’ ‘இருந்தவர்’ என எழுந்த பேச்சும் நாம் தொடக்கத்திற் கூறிய அதே வினாவின் பிள்ளைகளே. தமிழரின் பெயரால் நிகழ்ந்த வெளியேற்றம் பற்றித் தமிழ்த் திறனாய்வு நீண்ட காலம் போதிய அளவு பேசவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிள்ளைகளுடன் வெளியேறும்படி குவேனிக்குக் கூறப்பட்ட சொல்லை நாம் அடுத்தவரின் நூலில் மட்டுமே கேட்கப் பழகியிருந்தோம்.

யார் முதலில் வந்தார் என்ற வினாவுக்கு இக்கரை விடையளிப்பதில்லை. அது அவ்வாறான கரையன்று. நூற்றவர், முத்துக் குளித்தவர், வலை இழுத்தவர், உப்பு விளைவித்தவர் ஆகியோரின் உழைப்பை யார் எவ்வாறு கைக்கொண்டனர், அதற்கு எந்தக் கதையால் நியாயம் தேடினர் என்ற வினாவுக்கோ அது நிறையவே விடை வைத்திருக்கின்றது. நமது ஆய்வு அவ்வினாவை நோக்கித் திரும்புமாயின், குவேனி எந்த இனத்தினள் என்ற சர்ச்சை தானாகவே தன் கவர்ச்சியை இழக்கும். அவளுக்கு இழைக்கப்பட்டது யாது என்பது அப்போதுதான் நமக்கு முழுமையாகப் புலனாகும்.